மழை எட்டாத மலையடிவாரம்

மாமல்லபுரத்துக் கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில், அருகருகே நிற்கும் இரண்டு பெரும்பாறைகளின் முகத்தில், சுமார் 30 மீட்டர் நீளத்துக்கும் 15 மீட்டர் உயரத்துக்கும், பல்லவ நாட்டுச் சிற்பிகள் இமயமலையைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அர்ஜுனன் பாசுபதம் வேண்டித் தவம் இருந்த கதை என்று சிலரும், பகீரதன் கங்கையைப் பூமிக்குக் கொணர்ந்த கதை என்று சிலரும் அதற்கு வியாக்கியானம் சொல்வதுண்டு. கதை எதுவாயினும் அது நிகழும் இடம் இமயம் என்பதில் இரு தரப்பாருக்கும் பேதம் இல்லை. ஒற்றைக் காலில் நின்று ஊன் வற்றிப்போன தபசியும், வில்லேந்தி வரும் வேடரும், குட்டிகள் சூழ நிற்கும் யானைகளும், பாறைப் பிளவின் வழியே மேல்நோக்கி எழும் நாகர்களும், அந்தப் பிளவில் மெய்யாகவே தண்ணீர் வழிந்தோடும்படி உச்சியில் அமைத்திருந்த தொட்டியின் அடையாளமுமாகச் சேர்ந்து, கடல் மட்டத்திலேயே பிறந்து அங்கேயே வாழ்ந்த ஒரு ஜனசமூகம் இமயத்தை எவ்விதம் மனத்தில் கண்டது என்பதை இன்றும் நமக்குத் தெரிவிக்கின்றன. நீரும் நிழலும் ஜீவராசிகளும் நிரம்பி வழியும் இமயம் அது.

அது பொய்யான சித்திரம் அன்று. ஆனால் மலையின் தென்முகம் மட்டுமே. தென்மேற்குப் பருவக்காற்று சுமந்துவரும் மேகமெல்லாம் தெற்குச் சரிவுகளில் மோதிக் குளிர்ந்து அங்கேயே கொட்டித் தீர்ந்துவிடுவதால், சிகரங்களைக் கடந்து வடபுறம் இறங்கும் காற்றில் ஈரம் என்று சொல்லத்தக்கது எதுவும் எஞ்சுவதில்லை. அந்த வடமுகத்தில் கிடக்கிறது லடாக். மழையையும் பனியையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் லே நகரத்துக்கு ஓர் ஆண்டில் கிடைப்பது ஏறக்குறைய 100 மில்லிமீட்டர்தான். நம் செங்கல்பட்டுச் சீமையில் ஐப்பசி, கார்த்திகைப் புயல் ஒன்று ஒரே இராத்திரியில் அவ்வளவையும் கொடுத்துவிட்டுப் போவதுண்டு. மரம் என்பதே இல்லாத மலைகள், மஞ்சளும் செம்மையும் ஊதாவுமாக நிறம் மாறி மாறிச் செல்லும் சரிவுகள், சரளைக்கல் பரந்த பள்ளத்தாக்குகள், அவற்றின் அடியில் சிந்துவும் ஸன்ஸ்காரும் இட்ட கோடுகள், அந்தக் கோடுகளின் ஓரத்தில் மட்டும் பார்லி வயலும் வில்லோ மரமும் கொண்ட சிறு கிராமங்கள்: இதுவும் பாலைவனமே. ஆனால் ராஜஸ்தானத்தைப் போல மணலாலும் வெப்பத்தாலும் ஆனது அன்று. உயரத்தாலும் குளிராலும் ஆனது.

அந்தப் பிரதேசத்தில், மலைப்பாதை தொடங்குமிடத்தில் கூடாரம் அடித்துத் தங்குவதைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தேன். விடுமுறை நாட்களில் நம் கரையோரத்து இளைஞர்கள் இப்போது கூட்டங்கூட்டமாக அங்கே செல்கிறார்கள். கூடாரத்தையும் காலணியையும் கம்பளிச் சட்டையையும் விலை விசாரித்து வாங்குவதில் அவர்கள் காட்டும் அக்கறை மெச்சத்தக்கது. எனினும் அந்த நிலம் வருகிறவனிடம் முதலாவதாகக் கேட்பது பொருளையும் அன்று, தேக வலிமையையும் அன்று, அவகாசத்தை.

அடிவாரம் என்றதும் நமக்குத் தோன்றுவது திருக்கழுக்குன்றத்தில் படி தொடங்கும் இடம்போல, நிழலும் தண்ணீர்ப் பந்தலும் உள்ள ஒரு சமதளம். ஏற்றமும் இளைப்பும் அதற்கு மேலேதான் ஆரம்பம். லடாக்கில் இந்த எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். மார்க்கா பள்ளத்தாக்கு யாத்திரைக்கு வெகுகாலமாக வாயிலாக இருந்துவரும் சில்லிங் கிராமம் ஸன்ஸ்கார் நதிக்கரையில் 3,200 மீட்டர் அளவு உயரத்தில் இருக்கிறது. நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். தென்னாட்டிலேயே உயர்ந்த ஆனைமுடி 2,695 மீட்டர். நம்முடைய மிக உயர்ந்த சிகரத்தைக் காட்டிலும் அங்கே அடிவாரம் உயர்ந்தது என்றால், அடிவாரத்தில் படுத்து உறங்குவதே ஒரு மலையேற்றம் என்பதை வேறு விதமாகச் சொல்லத் தேவையில்லை.

இந்த உயரங்களெல்லாம் எங்கிருந்து அளக்கப்பட்டவை என்பதைச் சிந்திக்கும்போது நம் கரையோரத்தார் கொஞ்சம் பெருமிதம் கொள்ளலாம். 1802-ஆம் வருஷம் சித்திரை வெயிலில், பழைய செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த பரங்கிமலைச் சமவெளியில், வில்லியம் லாம்டன் சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டைச் சங்கிலி வைத்து அளக்கத் தொடங்கினார். அந்த ஒரு கோட்டின்மேல் முக்கோணத்துக்குப் பக்கத்தில் முக்கோணமாகக் கட்டிக்கொண்டு போன மகத்தான நில அளவைப் பணி, அரை நூற்றாண்டு கழித்து இமயத்தை எட்டி, 1856-இல் காஷ்மீரத்து ஹராமுக் மலையிலிருந்து காரகோரத்துச் சிகரங்களைக் குறித்தது. பிறகு 1909-இல் நாடு முழுவதற்கும் பொதுவான சராசரிக் கடல் மட்டத்தை நிர்ணயித்தபோது அலையேற்ற இறக்கம் அளந்த ஒன்பது துறைகளில் சென்னையும் நாகப்பட்டினமும் இடம்பெற்றன. லடாக்கில் ஒரு கணவாயின் தலையில் நட்ட பலகையில் எழுதியிருக்கும் எண், நம் கால் நனையும் கடலிலிருந்து எண்ணப்பட்டது. அந்த எண்ணிக்கையின் ஆரம்பத்தில், பூஜ்யத்தில், நாம் வாழ்கிறோம். நம் சரீரமும் அதற்கே பழகியிருக்கிறது.

பழக்கம் என்று நான் சொல்வது காற்றைப் பற்றி. ஒன்றன்மேல் ஒன்றாகப் பஞ்சுப் பொதிகளை அடுக்கினால் அடிப்பொதி அமுங்கி இறுகியும் மேல்பொதி தளர்ந்தும் கிடப்பதுபோல, ஆகாயத்தின் பாரம் முழுவதையும் தாங்குகிற கடலோரக் காற்று அடர்ந்தும், உயரத்துக் காற்று மெலிந்தும் இருக்கின்றன. காற்றில் பிராணவாயுவின் விகிதம் எங்கும் நூற்றுக்கு இருபத்தொன்றுதான். ஆனால் 3,500 மீட்டரில் உள்ள லே நகரத்தில் காற்றழுத்தமே கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடுவதால், ஒரு மூச்சில் உள்ளே போகும் பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறைந்துபோகிறது. 4,800 மீட்டரில் பாதிக்குச் சற்று மேலே நிற்கிறது.

இந்தக் குறையை உடல் ஈடுசெய்யும் விதம் அழகானது. அதற்குச் சில நாட்கள் பிடிக்கும் என்பதே நாம் அறிய வேண்டிய சங்கதி. முதலில் மூச்சு விரைகிறது. அப்படி விரைவாக மூச்சுவிடும்போது கரியமில வாயு அளவுக்கு மிஞ்சி வெளியேறி, இரத்தத்தில் காரத்தன்மை ஏறிவிடுகிறது. உடனே மூளை மூச்சை அடக்கப் பார்க்கிறது. விழித்திருக்கும் வேளையில் இந்த இழுபறி தெரிவதில்லை. உறக்கத்திலோ, சற்று நேரம் ஆழ்ந்து மூச்சுவிட்டவர் திடீரென்று மூச்சே நின்றவர்போலச் சில விநாடி கிடந்து, பிறகு திணறி எழுந்து மறுபடியும் மூச்சுவிடுவார். ஒரே கூடாரத்தில் பக்கத்தில் படுத்திருப்பவருக்கு அதைக் கேட்டு வயிறு கலங்கும். சிறுநீரகங்கள் மிகுதியான காரத்தை நாள்தோறும் சிறிது சிறிதாகக் கழித்துவிட்ட பின்னரே மூச்சு ஒழுங்குக்கு வரும். முதல் நாட்களில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவது, அந்த வேலை செவ்வனே நடக்கிறது என்பதற்கு நல்ல அறிகுறி. இரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகுவது அதற்கும் பின்னே, வாரக் கணக்கில் நடப்பது.

ஆகவேதான் விமானத்தில் லே சென்று இறங்குகிறவர்கள் முதல் இரண்டு நாட்கள் மாடிப்படி ஏறுவதைக்கூடக் குறைத்துக்கொண்டு ஓய்ந்திருக்க வேண்டும் என்று வைத்தியர்கள் வற்புறுத்துகிறார்கள். 3,000 மீட்டருக்கு மேலே, ஓர் இரவு படுத்த உயரத்துக்கும் மறு இரவு படுக்கும் உயரத்துக்கும் வித்தியாசம் 500 மீட்டரை மிஞ்சலாகாது. மூன்று நான்கு நாளைக்கு ஒரு முறை ஏறாமல் தங்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் ஏறினோம் என்பது அத்தனை முக்கியம் அன்று. எங்கே படுத்தோம் என்பதே கணக்கு.

இதில் இளமைக்கும் திடகாத்திரத்துக்கும் சலுகை கிடையாது. என்னுடன் வந்த தங்கை மகன் கோவளத்துக்கும் திருவிடந்தைக்கும் இடையே கடற்கரைச் சாலையில் தினமும் ஓடுகிற பிள்ளை. லே சேர்ந்த மறுநாள் மாலை, சாந்தி ஸ்தூபிக்குப் படியேறிச் சூரியாஸ்தமனம் பார்க்க வேண்டும் என்று காலணியை மாட்டிக்கொண்டு நின்றான். நாங்கள் தங்கியிருந்த வீட்டு மூதாட்டி, அமா-லே என்று எல்லாரும் மரியாதையோடு அழைக்கும் அம்மையார், ஒரு குவளை வெந்நீரை அவன் கையில் கொடுத்து அங்கேயே உட்கார்த்திவிட்டார். இருட்டியதும் அவனே என்னிடம் வந்து, "மாமா, தலை விண்விண்ணுன்னு தெறிக்குது, சோறும் வேண்டாம்னு இருக்கு" என்றான். தலைவலி, பசியின்மை, குமட்டல், கிறுகிறுப்பு, உறக்கமின்மை ஆகியவை மலைநோயின் ஆரம்ப லட்சணங்கள். அவை தோன்றினால் மேலே ஏறாமல் அதே இடத்தில் தங்க வேண்டும். தங்கியும் தணியாமல், நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி இருமலில் நுரை வந்தாலோ, அது மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்துக்கொண்டதன் அடையாளம். அப்போது நடு இராத்திரியானாலும் கீழே இறக்கிக்கொண்டு போவது ஒன்றே உயிர் காக்கும் வழி. பிராணவாயுவும் மருந்தும் அதற்குத் துணையாகுமே தவிர மாற்று ஆகமாட்டா. அசெட்டஸோலமைடு என்ற மாத்திரையை முன்கூட்டியே உட்கொள்ளும் வழக்கம் உண்டு; சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் உண்டாகையால் அதை ஊரில் வைத்தியரைக் கேட்டே எடுத்துக்கொள்ள வேண்டும். மதுவும் தூக்க மாத்திரையும் மூச்சை மந்தப்படுத்துவதால் அறவே ஆகாது. இருதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்கள் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே வைத்தியரிடம் போகட்டும்.

அங்கே கூடாரத்தில் தங்குவோர் அதிகமாகச் சிரமப்படும் இடம் மலைப்பாதையில்கூட இல்லை. மணாலியிலிருந்து லே செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது. சர்ச்சு என்ற அந்தப் பீடபூமி ஏறக்குறைய 4,300 மீட்டர் உயரம். காலையில் 2,000 மீட்டர் அளவில் உள்ள மணாலியில் வண்டி ஏறி, 4,800 மீட்டரையும் மிஞ்சிய பாராலாச்சா கணவாயைக் கடந்து, மாலையில் சர்ச்சுவின் கூடாரங்களில் வந்து விழுகிற பிரயாணி ஒரே பகலில் 2,000 மீட்டருக்கு மேல் ஏறிப் படுக்கிறான். கட்டிலும் மெத்தையும் சூடான ஆகாரமும் அங்கே காத்திருக்கின்றன. அந்தச் சௌகரியமே அபாயத்தை மறைத்துவிடுகிறது.

சில்லிங்கில் அவ்வளவு பதற்றம் இல்லை. லேயில் சில நாள் தங்கிவிட்டு வருகிறவனுக்கு அது இறக்கம். சில்லிங் கிராமத்தார் பரம்பரையாகச் செம்பும் வெள்ளியும் வேலை செய்யும் கன்னார்கள். ஷே அரண்மனையில் பெரிய புத்தர் படிமம் செய்வதற்காக 17-ஆம் நூற்றாண்டில் நேபாளத்திலிருந்து வரவழைக்கப்பட்ட சிற்பிகளின் வழிவந்தவர்கள் என்று சொல்லப்படுகிறார்கள். மாமல்லபுரத்துச் சிற்பச்சாலைகளில் உளிச் சத்தம் கேட்டு வளர்ந்த எனக்கு, அங்கே ஒரு முற்றத்தில் செம்புக் குடத்தைத் திருப்பித் திருப்பிச் சுத்தியால் தட்டிக்கொண்டிருந்தவரின் எதிரில் நின்றபோது, கால் வேறெங்கும் நகர மறுத்தது. மோட்டார் சாலை இப்போது சில்லிங்கையும் தாண்டி ஸ்கியு கிராமத்துப் பக்கம்வரை போய்விட்டதால், நடை தொடங்கும் இடமும் உள்ளே நகர்ந்துகொண்டே போகிறது.

கூடாரத்துக்கு இடம் தேர்வது ஒரு வித்தை. ஆற்றோரத்தில் தட்டையாக, கல் பொறுக்கிவிட்டதுபோல் சுத்தமாகக் கிடந்த ஒரு மணல் திட்டைக் கண்டு, இதைவிட நல்ல இடம் ஏது என்று மூட்டையை இறக்கினோம். பொதிக்குதிரை ஓட்டிவந்தவர் கையை ஆட்டிக்கொண்டே அருகில் வந்தார். "அங்கே வேண்டாம் சார். மேலே அந்தக் கல்லைப் பாருங்கள்" என்று இந்தியில் சொன்னார். எங்கள் தலைக்கு மேலே, பாறையின் இடுக்கில், உலர்ந்த சேற்றோடு ஒரு வில்லோக் கிளை செருகிக்கொண்டிருந்தது. தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்துபோயிருக்கிறது! மழையே இல்லாத நாட்டில் வெள்ளம் எங்கிருந்து வரும் என்று நினைப்பது நம் இயல்பு. புல்லும் மரமும் வேரும் இல்லாத மண்ணில் விழும் மழை உள்ளே இறங்காமல், சரளையையும் சேற்றையும் வாரிக்கொண்டு அப்படியே பள்ளத்தில் பாய்கிறது. 2010-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 5-ஆம் தேதி இரவு லே நகரத்தின்மீதும் சோக்லம்சர் பகுதியின்மீதும் மேகம் வெடித்துப் பெய்தபோது 200-க்கும் மேற்பட்டவர்கள் மடிந்தார்கள். வறண்ட ஓடை அங்கே படுக்கையறை அன்று. தெளிந்த வானம் உள்ள நாட்களிலும், பகல் வெயிலில் பனிப்பாறை உருகி வரும் நீர் பிற்பகலில் ஓடைகளைப் பெருக்கிவிடும். காலையில் கணுக்கால் நனைந்த துறை மாலையில் தொடையைப் பிடித்து இழுக்கும். ஓடை கடப்பதை விடியற்காலைக்கு வைத்துக்கொள்வது அவ்வூரார் வழக்கம்.

காற்றும் அப்படியே ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. வெயில் ஏறிச் சரிவுகள் சூடேறியதும், பிற்பகலில் பள்ளத்தாக்கின் வழியே மேல்நோக்கி எழும் காற்று புழுதியை வாரி இறைக்கும்; பொழுது சாய்ந்ததும் அடங்கும். வாடையும் கொண்டலும் கச்சானும் சோழகமும் பெயர் சொல்லிப் பிரித்தறியும் நம் கரையோரத்துப் பட்டினவர் அங்கே வந்தால் ஒரே நாளில் அதன் குணத்தைப் படித்துவிடுவார்கள். கூடாரத்தின் வாயிலைக் காற்றுக்கு எதிராக வைக்காமல் முதுகைக் காட்டி நிறுத்த வேண்டும். சரளை நிலத்தில் முளை இறங்காது, இறங்கினாலும் பிடிக்காது. ஆகையால் நீளமான கல்லைக் கயிற்றால் கட்டிக் கிடையாக வைத்து, அதன்மேல் பெரிய கல்லை ஏற்றி அமுக்குகிறார்கள்.

சமையலில்தான் நம் பழக்கத்துக்கும் அந்த உயரத்துக்கும் நேரடியான மோதல். காற்றழுத்தம் குறையக் குறைய நீர் கொதிக்கும் உஷ்ணநிலையும் இறங்குகிறது: நம் ஊரில் 100 பாகை, லேயில் ஏறக்குறைய 88, அதற்கும் மேலே, மார்க்கா யாத்திரைப் பாதையில் உள்ள நிமாலிங் புல்வெளியில் 84 அளவு. உலை தளதளவென்று கொதிக்கும். அரிசியோ எவ்வளவு நேரம் கிடந்தாலும் மேலே குழைந்து உள்ளே நடு நரம்போடு விதையாகவே இருக்கும். நாங்கள் கொண்டுபோன புழுங்கலரிசியைத் திறந்த பாத்திரத்தில் ஏற்றுவதைப் பார்த்த குதிரைக்காரர் பேசாமல் தம் மூட்டையிலிருந்து அடிகரிந்த குக்கர் ஒன்றை எடுத்து நீட்டினார். பருப்பு, கிழங்கு எதற்கும் அதுவே கதி. அம்மக்களின் ஆகாரத்தில் வறுத்து அரைத்த பார்லி மாவு ஏன் முதலிடம் பெற்றது என்பது அப்போது தெளிவாயிற்று: முன்பே வெந்துவிட்ட அந்த மாவுக்குக் கொதிநீரே தேவையில்லை, வெண்ணெயும் உப்பும் கலந்த தேநீரில் பிசைந்தால் உணவு தயார். விறகோ மிகமிக அரிது.

இதே கொதிநீரைக் கொண்டு ஒரு மனிதர் மலைகளை அளந்திருக்கிறார். குமாவூன் நாட்டவரான பண்டிட் நைன் சிங், நில அளவை இலாகாவின் இரகசிய அளவையாளராக, 1874 ஜூலையில் லேயிலிருந்து மாறுவேடத்தில் லாசாவுக்குப் புறப்பட்டார். மூட்டைகளை ஆடுகளின் முதுகில் ஏற்றிக்கொண்டு, அடி எண்ணி நடந்து, தங்குமிடங்களில் நீரைக் கொதிக்கவைத்து வெப்பமானியை அதில் இட்டு, கொதிநிலை எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அதிலிருந்து அவ்விடத்தின் உயரத்தைக் கணித்தார். பரங்கிமலையில் சங்கிலி கொண்டு தொடங்கிய அளவை, பிறர் நுழைய முடியாத திபெத்தில் ஒரு தனி மனிதரின் காலடியையும் தேநீர்ப் பாத்திரத்தையும் நம்பி நடந்தது. அவரை நம் பள்ளிப் பாடங்களில் இன்னும் விரிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அடுப்பைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். வாயுக் குப்பியை விமானத்தில் கொண்டுபோக அனுமதி இல்லை; லேயிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். குளிருக்குப் பயந்து கூடாரத்தின் வாயிலை மூடிக்கொண்டு உள்ளே அடுப்பு மூட்டினால், வாசனையும் நிறமும் இல்லாத நச்சு வாயுவால் உறக்கத்திலேயே உயிர் போய்விடும்.

குளிர் உண்மையில் கடுமைதான். ஆடியில் லேயில் பகல் நம் மார்கழிப் பகலைப்போல இதமாக இருந்தாலும், நிமாலிங்கில் அதே மாதத்து இரவில் நீர் உறையும் நிலைவரை இறங்கிவிடும். ஈரமில்லாத காற்று வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. சூரியன் மலைக்குப் பின்னே மறைந்த அந்தக் கணமே சட்டை மேல் சட்டை போட வேண்டியிருக்கிறது. மேலே போர்த்துவதைக் காட்டிலும் கீழே விரிப்பது முக்கியம். உடம்பின் சூட்டை நிலம் இழுத்துக்கொள்வதுபோல் காற்று இழுப்பதில்லை. விடியற்காலையில் நாம் விட்ட மூச்சே கூடாரத்தின் உட்புறத் துணியில் பொடிப் பனியாக ஒட்டியிருந்து, கையோ தலையோ பட்டால் முகத்தில் உதிர்கிறது. பகலிலோ வேறு உபத்திரவம்: ஆயிரம் மீட்டர் ஏறும்தோறும் புற ஊதாக் கதிர்கள் ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து மிகுவதால், நம்மைப் போன்ற கருத்த தோலும் வெந்து உரிகிறது. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி அவசியம்.

அந்த வறட்சியும் மெல்லிய காற்றும் சேர்ந்து இரவு வானத்துக்குச் செய்திருக்கும் உபகாரத்தை வர்ணிக்க எனக்குச் சக்தி போதாது. கிழக்கு லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில், 4,500 மீட்டர் உயரத்தில், இந்திய வானியற்பியல் நிறுவனம் 2 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியை நிறுவியிருப்பது அதனால்தான். விஞ்ஞானி சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது அது. அந்த நிறுவனத்தின் பூர்விகமோ 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் தோன்றிய வானாய்வுக் கூடம். அங்கிருந்து 1899-இல் கொடைக்கானல், பிறகு காவலூர், பிறகு ஹான்லே என்று, ஈரக்காற்றையும் ஊர் விளக்குகளையும் விட்டு விலகி விலகி உயரத்துக்குப் போயிருக்கிறது. 2022-இல் ஹான்லேயைச் சூழ்ந்த பகுதி இருள் வானக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டு, அங்குள்ள கிராமத்தாரே விருந்தினருக்கு நட்சத்திரம் காட்டுகிறார்கள்.

இனி, தண்ணீர். இதைத்தான் நான் மிகவும் அழுத்திச் சொல்ல வேண்டும். மழையில்லாத அந்நாட்டில் பயிரும் உயிரும் பனிப்பாறை உருகி வரும் ஒற்றை ஓடையை நம்பியிருக்கின்றன. ஏரிகள் நிறைந்த நம் மாவட்டத்தில் மடை திறந்து முறை வைத்துப் பாய்ச்சும் நீர்க்கட்டியைப்போலவே, அங்கே ஒவ்வொரு கிராமத்திலும் சுர்பொன் என்ற நீர்த்தலைவரை ஊரார் நியமித்து, யார் வயலுக்கு எந்நேரம் எவ்வளவு என்று பகிர்ந்துகொள்கிறார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டில் பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரி வாரியம் கண்ட நமக்கு இதன் அருமை உடனே விளங்கும். பனிப்பாறைகள் சுருங்கி, சித்திரை வைகாசி விதைப்புக் காலத்தில் தண்ணீர் வந்து சேராமல் போனதைக் கண்டு, செவாங் நோர்பெல் என்ற பொறியாளர் குளிர்கால ஓடைநீரைத் தடுத்துத் தேக்கி உறையவைத்துச் செயற்கைப் பனிப்பாறைகளை அமைத்தார். சோனம் வாங்சுக் கூம்பு வடிவில் பனி ஸ்தூபிகளை எழுப்பினார். அப்படிச் சேமிக்கும் நீரில் நாம் ஒரு வாளியை எடுத்துத் தலையில் ஊற்றிக்கொள்வது எவ்வளவு பெரிய செலவு!

ஸ்டோக் கிராமத்தில் நடந்ததை அறிந்தால் இது மிகையாகத் தோன்றாது. லே நகருக்கு எதிரே சிந்துவின் அக்கரையில் உள்ள அவ்வூரிலிருந்து புறப்பட்டு 6,153 மீட்டர் உயரமுள்ள ஸ்டோக் காங்ரி சிகரத்துக்கு ஏறுவது வெகு பிரசித்தமாயிற்று. கயிறு வித்தை அதிகம் தெரியாதவரும் ஆறாயிரம் மீட்டர் ஏறிவிட்டோம் என்று சொல்லிக்கொள்ள முடிந்தமையால், மேல் முகாமில் கூடாரங்கள் நெருங்கின. குப்பையும் மலமும் குவிந்தன. அவையெல்லாம் கிராமத்தின் குடிநீர் பிறக்கும் இடத்துக்கு மேலே இருந்தன. சுருங்கிவரும் பனிப்பாறையும் அசுத்தமாகும் ஓடையும் ஊராரைக் கலங்கச் செய்ய, 2020 முதல் அந்தச் சிகரத்துக்கு ஏறும் வழி அடைக்கப்பட்டது. வந்தவர்களால் வருமானம் பெற்றுவந்தவர்களே அந்த வருமானத்தை வேண்டாம் என்று வாயிலைச் சாத்தியதை நினைக்கும்போது அவர்கள்மீது மதிப்பு உண்டாகிறது.

நம் ஊரின் உஷ்ணத்திலும் ஈரத்திலும் வாழையிலையோ பழத்தோலோ சில நாளில் மக்கி மண்ணோடு கலந்துவிடும். அங்கே ஓர் ஆரஞ்சுத் தோல்கூட மக்குவதற்குக் கிருமியும் ஈரமும் இல்லாமல் நெடுங்காலம் அப்படியே காய்ந்து கிடக்கிறது. மனித மலமும் அவ்வாறே. ஆகவே கொண்டுபோன உறைகளையெல்லாம் லேவரை திருப்பிக் கொண்டுவர வேண்டும். கிராமங்களில் மண்ணும் சாம்பலும் தூவிப் பயன்படுத்தும் உலர் கழிப்பறைகளையே நாட வேண்டும். அவை ஆண்டு முடிவில் வயலுக்கு உரமாகின்றன. ஓடைக்கு அருகில் சோப்பு எடுக்கவே கூடாது. வில்லோ மரங்கள் தாமே முளைத்தவை அல்ல, ஒவ்வொன்றும் ஒரு வீட்டார் நட்டு நீர் ஊற்றியது. சுள்ளி ஒடித்துத் தீ மூட்டுவது களவுக்குச் சமம். கூடாரமே வேண்டாம் என்பவர்களுக்கு மார்க்கா பள்ளத்தாக்கின் ஊர்தோறும் வீட்டுத் தங்கல்கள் உண்டு. 1981-இல் அமைந்த ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் அந்தப் பள்ளத்தாக்கு அடங்குகிறது. ஆட்டைக் கொன்றுபோகும் பனிச்சிறுத்தையை விரோதியாகக் கருதிவந்த குடியானவர்கள், அதைக் காண வரும் விருந்தினரால் வருமானம் வரத் தொடங்கிய பின் அதன் காவலர்களாக மாறிவருகிறார்கள்.

கூடாரக் கலையில் நமக்கு ஆசிரியர்களாகத்தக்கவர்கள் சாங்தாங் பீடபூமியின் சாங்பா இடையர்கள். பஷ்மீனா ஆடுகளை மேய்த்துக்கொண்டு 4,000 மீட்டருக்கு மேலேயே ஆண்டு முழுதும் இடம் பெயர்ந்து வாழும் அவர்களுடைய ரெபோ என்னும் கூடாரம் யாக் எருதின் கருமயிரால் நெய்யப்பட்டது. நெசவின் கண்கள் வழியே உள்ளே மங்கலான ஒளி புகுகிறது. உச்சியில் விட்ட நீண்ட திறப்பு வழியே புகை போகிறது. நடுவே சாண அடுப்பு. நிமாலிங்கிலும் கோடைக்காலத்தில் பள்ளத்தாக்கு மக்கள் ஆடுமாடுகளோடு வந்து தங்குகிறார்கள். 6,400 மீட்டர் உயரமுள்ள காங் யாட்சே சிகரம் தலைக்கு மேலே வெள்ளை வெளேரென்று நிற்க, அதன் அடியில் ஆடுகள் மந்தை மந்தையாக மாலையில் திரும்பி வருவதை ஒரு முறை பார்த்தவர்கள் அந்த இரவின் குளிரைக் குறையாகச் சொல்லமாட்டார்கள். மறுநாள் காலையில் 5,200 மீட்டருக்கும் மேலான கோங்மாரு கணவாயை ஏறிக் கடந்து, மறுபுறம் செங்குத்தான பள்ளத்தில் இறங்கினால் ஷாங் சும்தோவும், அங்கிருந்து வண்டியில் ஹெமிஸ் மடாலயமும். வழியில் எதிர்ப்படும், மந்திரம் பொறித்த கற்களை அடுக்கிய மணிச்சுவர்களை வலமாகச் சுற்றிச் செல்ல வேண்டும். கோயில் பிராகாரம் சுற்றிய காலுக்கு அது சொல்லாமலே வரும்.

எப்போது போவது, எப்படிப் போவது என்று கேட்பவர்களுக்கு: ஆனி நடுவிலிருந்து புரட்டாசி தொடக்கம்வரை நல்ல காலம். நான்கைந்து நாள் மிச்சமாகிறது என்று விமானத்தை நாடுவோர் அந்த நாட்களை லேயில் படுத்துக் கழிக்கவே வேண்டியிருப்பதால், நான் சிபாரிசு செய்வது ஸ்ரீநகர் வழி. 2025 ஜூனில் காஷ்மீரப் பள்ளத்தாக்குக்கு இருப்புப்பாதை முழுவதும் திறந்துவிட்டபடியால், சென்னையில் ரயில் ஏறி, கத்ராவில் வண்டி மாறி, 1,600 மீட்டர் அளவில் உள்ள ஸ்ரீநகரில் இறங்கலாம். அங்கே ஓர் இரவு, 3,500 மீட்டரை ஒட்டிய ஸோஜி கணவாயைப் பகலில் கடந்து 2,676 மீட்டரில் உள்ள கார்கிலில் இரண்டு இரவு, 4,108 மீட்டர் உயர ஃபோத்து கணவாயைத் தாண்டி லாமாயூரு மடாலயத்தருகே ஓர் இரவு, பிறகு லே. அங்கும் இரண்டு நாள் கடைவீதியிலும் பழைய அரண்மனையின் நிழலிலும் மெல்ல உலாவிவிட்டு, அதன் பின்னரே சில்லிங்குக்கு வண்டி பேசுங்கள். அடுப்புக்கு வாயுவும், ஒரு சிறிய குக்கரும், குப்பைக்கு ஒரு கோணிப் பையும் லே சந்தையிலேயே கிடைக்கும்.